வீராணம் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்ட: காற்றைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை வழியாகக் காட்டுமன்னார்கோயிலுக்குச் செல்லும் சாலையின் பெரும்பகுதி வீராணம் ஏரியின் கிழக்குக் கரைமேலேயே ஓடுகிறது. கரையின் நீளம் ஏறத்தாழ 16 கி.மீ.; போய்த் திரும்பினால் 32 கி.மீ. ஏற்றம் என்று சொல்லத்தக்கது வழியில் ஒன்றுகூடக் கிடையாது. வரைபடத்தில் பார்க்கிறவர்கள் இது பள்ளிப் பிள்ளைகளும் ஓட்டி முடிக்கிற பாதை என்றுதான் நினைப்பார்கள். நான் இதை நடுத்தரச் சிரமமுள்ள பாதை என்றே கணக்கில் வைத்திருக்கிறேன். மலைச்சாலையில் ஏற்றம் செய்கிற வேலையை இங்கே காற்று செய்கிறது. ஏற்றம் இடம் மாறாது. காற்று மாதத்துக்கு ஒரு திசையிலும், சில நாட்களில் காலைக்கும் மாலைக்கும் வெவ்வேறு திசையிலும் வரும். அதனால் இந்தக் கரைக்குப் போகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த முனையிலிருந்து கிளம்புவது என்பதைத்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஆடி மாதத்தில். சிதம்பரத்தில் உறவினர் வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பிக் காட்டுமன்னார்கோயில் வரை நிதானமாக ஓட்டிவந்து, தேநீர் குடித்துவிட்டு, லால்பேட்டைப் பக்கமிருந்து கரையேறி வடக்கு நோக்கி மிதித்தேன். ஐம்பது நிமிடத்தில் மறுமுனை வந்துவிட்டது. இரண்டு மாதம் பழகியது வீண்போகவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, சேத்தியாத்தோப்பில் வழக்கத்துக்கு மேல் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். திரும்பிய அதே 16 கி.மீ. இரண்டே கால் மணி நேரத்தை விழுங்கியது. போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்ட தென்மேற்குக் காற்று, வரும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது. மெச்சிக்கொள்ள வேண்டியது என் கால்களை அல்ல என்பது பாதி வழியிலேயே புரிந்துவிட்டது; அந்த இரண்டு இட்லியும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

சைக்கிள் ஓட்டுபவரின் மேல் காற்று காட்டும் எதிர்ப்பு, வேகம் இரட்டிப்பாகும்போது நான்கு மடங்காகும். காற்றே வீசாத நாளில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் எதிர்க்காற்றும் வீசினால், உங்கள் உடம்பில் மோதும் காற்றின் வேகம் 30 கி.மீ. ஆகிவிடும், அதே வேகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் நான்கு மடங்கு எதிர்ப்பை மிதித்துத் தள்ள வேண்டும். ஊருக்குள் வீடுகளும் மரங்களும் இந்தக் காற்றை உடைத்துவிடுகின்றன. கரைமேல் அதற்கு வழியில்லை. மேற்கே நான்கைந்து கி.மீ. அகலத்துக்குத் திறந்த நீர்ப்பரப்பு. கிழக்கே சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கும் வயல். இரண்டுக்கும் நடுவே மேடாக எழும்பிய கரையின் உச்சியில் நீங்கள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

கரை கிழக்கில் இருப்பதற்குக் காரணம் எளிது. இப்பகுதியின் நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கிக் கிழக்கே சரிகிறது. சரிந்து ஓடும் நீரை மறிக்கக் கிழக்கில்தான் கரை வேண்டும். மறித்த நீர் மதகு வழியே அதற்கும் கிழக்கேயுள்ள வயல்களுக்குத் தானாகவே இறங்கிவிடும். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் இராஜாதித்தன் காலத்தில் ஏரி வெட்டப்பட்டு, வீரநாராயணன் என்ற பட்டம் பூண்ட அவன் தந்தை முதலாம் பராந்தகன் பெயரால் வீரநாராயணன் ஏரி ஆயிற்று. அது மருவி வீராணம். இந்த நில அமைப்பு சைக்கிள்காரருக்கும் பயன்படுகிறது: சாலை தெற்கு வடக்காக ஓடுவதால், காலையிலும் மாலையிலும் சூரியன் பக்கவாட்டில்தான் நிற்கும், கண்ணுக்கு நேரே வராது.

கிளம்பும் முனை

ஆடி, ஆவணி மாதங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். அம்மியும் பறக்கும் என்று சொன்ன காற்று இதுதான். அந்த நாட்களில் சேத்தியாத்தோப்பில் தொடங்குங்கள். கால்களில் தெம்பு இருக்கும் முதல் பாதியில் தெற்கு நோக்கி எதிர்க்காற்றைச் சமாளித்துவிட்டால், களைத்த இரண்டாம் பாதியில் அதே காற்று உங்களை வடக்கே கொண்டுவந்து சேர்க்கும். தை, மாசியில் நிலைமை தலைகீழ். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று வடக்கே போகிறவரைத்தான் தடுக்கும் என்பதால், லால்பேட்டையில் தொடங்கி வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்புவது நல்லது. பங்குனி, சித்திரையில் காலையில் காற்று அடங்கியிருந்தாலும், வெயில் ஏறியபின் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து உள்ளே வரத் தொடங்கும். அப்போதும் வடமுனையிலிருந்து கிளம்பி, கடற்காற்று வலுக்கும் முன்பே தெற்கே போய்த் திரும்பிவிட வேண்டும்.

மாதக் கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது. கரையேறியதும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது, டீக்கடைப் புகை எங்கே போகிறது, கட்சிக் கொடி எந்தத் திசையில் விறைத்து நிற்கிறது என்பவை கைபேசியின் வானிலைச் செயலியைவிடத் துல்லியமாகச் சொல்லும். செயலி சொல்வது மாவட்டத்தின் காற்று. உங்களுக்கு வேண்டியது அந்தக் கரையின் காற்று. நீர்ப்பரப்பில் வெள்ளை நுரை தெரியும்படி அலை எழும்பினால், அன்று முழுத் தொலைவையும் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டுப் பாதியில் திரும்பும் எண்ணத்தோடு கிளம்புவதே நல்லது.

நாள் குறிப்பதற்கு முன் ஏரியில் நீர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீராணத்துக்கு முக்கிய வரத்து காவிரித் தண்ணீர். மேட்டூரில் திறந்த நீர் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாறு வழியாக ஏரியை அடைகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், ஆடியில் ஏரி நிரம்பத் தொடங்கும். நாளிதழ்களில் ‘வீராணம் நீர்மட்டம் 46 அடி’ என்று செய்தி வரும்போது பலர் அதை ஆழம் என்று எண்ணிப் பயந்துவிடுகிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். முழு மட்டம் 47.50 அடி, அப்போது கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. உண்மையில் வீராணம் பரந்து கிடக்கும் ஆழமில்லாத ஏரிதான். மட்டம் 45 அடிக்கு மேல் என்றால் சாலையின் ஓரம்வரை நீர் மின்னும். 40 அடியை ஒட்டிச் சரிந்திருந்தால் வெடித்த சேறும் மேயும் மாடுகளும்தான் கண்ணில் படும். சைக்கிள் ஓட்ட அதுவும் தடையில்லை, ஆனால் ஏரியைப் பார்க்க வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வராதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் அரியலூர்ப் பக்கத்து ஓடைகள் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும். உபரி நீரை வெளியேற்றும் வேலையில் நீர்வளத் துறைப் பணியாளர்கள் கரையெங்கும் நடமாடுவார்கள். மண் அணைப்பு ஊறிப்போயிருக்கும். எனக்குப் பிடித்த காலம் தை மாதத்தின் பின்பாதி. ஏரி நிரம்பியிருக்கும், வெயில் கடுமையாக இருக்காது, நீர்ப்பறவைகள் கூட்டமாக இறங்கியிருக்கும். ஒரே குறை, விடியற்காலைப் பனி. ஏழு மணிக்கு முன் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு எரியாமல் ஓட்டக் கூடாது.

சைக்கிளும் முள்ளும்

இந்தப் பாதைக்கு விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. வீட்டில் இருக்கும் சாதாரண ஹெர்குலிஸோ அட்லஸோ நல்ல நிலையில் இருந்தால் போதும். கியர் உள்ள ஹைபிரிட் சைக்கிள் இருந்தால் எதிர்க்காற்றில் உதவும். அகலமான முரட்டு டயர் போட்ட மலைச் சைக்கிள் தார்ச்சாலையில் வீணாக உழைப்பை உறிஞ்சும். 35 முதல் 40 மி.மீ. அகலமுள்ள டயருக்கு 50 முதல் 60 பி.எஸ்.ஐ. காற்று சரியாக இருக்கும்; டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பார்ப்பது. முழங்கால் நேராக நின்றால் உயரம் சரி. பெரும்பாலோர் சீட்டைத் தாழ வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். தெருமுனைக் கடைக்குப் போக அது போதும்; 32 கி.மீ.க்குப் போனால் முட்டிவலிதான் மிஞ்சும்.

மற்றதெல்லாம் எந்தப் பயணத்துக்கும் பொதுவானதுதான். இங்கே தனியாகச் சொல்ல வேண்டியது சீமைக்கருவேலம் முள்ளைப் பற்றி. கரைச்சரிவுகளில் புதராக வளர்ந்திருக்கும் இதை வெட்டிச் சாலை வழியாக விறகுக்கு இழுத்துச் செல்வதால், சாலையோரத்தில் காய்ந்த முள் கிடக்கும். ஆணி குத்தினால் காற்று உடனே இறங்கும். ஆளும் உடனே இறங்கலாம். இந்த முள் டயருக்குள் ஏறி, நுனி மட்டும் முறிந்து தங்கிவிடும். ஒருமுறை பஞ்சர் ஆனபோது வெளியே தெரிந்த முள்ளைப் பிடுங்கிவிட்டு, டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன், இரண்டு கி.மீ. போவதற்குள் மறுபடி காற்று இறங்கியது. தள்ளிக்கொண்டே போய்த் தென்முனையில் ஒரு சைக்கிள் கடையில் சேர்த்தேன். கடைப் பெரியவர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழியைக் காட்டிவிட்டு, டியூபை ஓரமாகப் போட்டுவிட்டு டயரைக் கையில் எடுத்தார். “முள்ளப் புடுங்குனாப் பத்தாது தம்பி, அது உள்ள வேர் விட்டுருக்கும்” என்று சொல்லிக்கொண்டே, பழைய தலையணைப் பஞ்சு ஒரு பிடி எடுத்து டயரின் உட்புறம் மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் பஞ்சின் ஓர் இழை சிக்கி நின்றது. விரலால் தடவினால் அங்கே எதுவும் தட்டுப்படவில்லை. குறடால் நெம்பியபோது எள்ளின் பாதி அளவுக்குக் கறுத்த நுனி ஒன்று வெளியே வந்தது.

அன்றிலிருந்து என் பையில் ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், டயர் லிவர் இரண்டு, கைப்பம்பு ஆகியவற்றோடு ஒரு பிடி பஞ்சும் இருக்கிறது. டயரை மாட்டும்போதே, அதில் கம்பெனிப் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்தால், டயரில் முள் இருக்கும் இடமும் அதே தொலைவில் அகப்பட்டுவிடும். 360 பாகையையும் தடவ வேண்டியதில்லை. சொல்யூஷனைத் தடவியதும் ஒட்டை அழுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஈரப்பளபளப்பு போய்ப் பூச்சு மங்கும்வரை நான்கைந்து நிமிடம் பொறுத்து, பிறகு அழுத்தினால்தான் பிடிக்கும். கையிலேயே ஒரு மாற்று டியூப் வைத்திருப்பவர்கள் இந்த வேலையை வீட்டில் செய்துகொள்ளலாம்.

கரைமேல் ஓட்டும் முறை

முதல் மூன்று கி.மீ. வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். மூச்சு இரைக்காமல் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அந்த வேகம் சரி. நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று பெடல் சுழலும்படி கியரை இலகுவாக வைத்துக்கொண்டு, காற்று கூடும்போது கியரைக் குறையுங்கள், சுற்றைக் குறைக்காதீர்கள். எதிர்க்காற்றில் வேகம் மணிக்கு 9 அல்லது 10 கி.மீ.க்கு விழுவது இயல்பு. அதைக் கண்டு பதறி எழுந்து நின்று மிதிப்பவர்கள் காற்றுக்கு இன்னும் பெரிய தட்டியைக் காட்டுகிறார்கள். முழங்கைகளை மடக்கி, நெஞ்சைச் சற்றே ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்த்துங்கள். படபடக்கும் தளர்ந்த சட்டையைத் தவிர்க்கலாம். இருவராகப் போனால், பின்னால் வருபவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டு ஒளிந்துகொண்டு வரட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக ஓட்டிக்கொண்டு பேசுவதற்கு இந்தச் சாலையில் அகலம் போதாது.

நேர் எதிர்க்காற்று களைப்பைத்தான் தரும். ஆபத்து பக்கக்காற்றில் இருக்கிறது. ஆடியில் தெற்கே போகும்போது காற்று உங்கள் வலப்புறமிருந்து தள்ளும், நீங்களும் அறியாமலே வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஓட்டுவீர்கள். அந்த நேரத்தில் ஒரு பேருந்து வலப்புறம் முந்திச் செல்லும்போது, அதன் உடம்பு காற்றை முழுவதுமாக மறைத்துவிடும். சாய்வதற்கு எதிரே தாங்கிய காற்று திடீரென்று இல்லாமல் போவதால் சைக்கிள் பேருந்தை நோக்கியே விழப்பார்க்கும்; பேருந்து கடந்த மறுகணம் காற்று திரும்ப வந்து இடப்பக்கமாகத் தள்ளும். பின்னால் ஹாரன் கேட்டதும் மிதிப்பதை நிறுத்தி, பிடியை இறுக்காமல் தளர்த்தி, உடம்பை நிமிர்த்திக்கொண்டால் இந்த இழுபறி பாதியாகக் குறையும். வடக்கே வரும்போது ஏரி உங்கள் இடப்புறம் இருக்கும். காற்று அங்கிருந்து வந்து உங்களைச் சாலையின் நடுவுக்குத் தள்ளும் என்பதால், கைப்பிடியின் இடமுனையில் ஒரு சிறு கண்ணாடி மாட்டிக்கொண்டாலும் பயனில்லை, வலமுனையில்தான் மாட்ட வேண்டும்.

தார் விளிம்பு இன்னொரு பொறி. சில இடங்களில் தாருக்கும் பக்க மண்ணுக்கும் நான்கு விரல் அளவுக்கு உயர வேறுபாடு இருக்கும். லாரிக்கு வழிவிட மண்ணில் இறங்கியவர், மறுபடி தாரில் ஏறும்போது விளிம்பை ஒட்டியே ஓட்டிக்கொண்டு வந்து சக்கரத்தைத் திருப்பினால், டயர் விளிம்பில் உரசிக்கொண்டே வழுக்கிக் குப்புறத் தள்ளிவிடும். மண்ணில் இறங்கிவிட்டால் நின்று, இறங்கி, சைக்கிளைத் தூக்கி வைத்து ஏறுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இப்படித் தூக்கி வைப்பதைப் பார்த்துச் சிரித்த ஒரு பையனின் முழங்கையில் ஏற்கெனவே மூன்று தழும்புகள் இருந்தன.

தை, மாசியில் அறுவடை. நெல்லும் வைக்கோலும் சாலையில் காயும், பாதிச் சாலையைக் கற்கள் வைத்து மறித்திருப்பார்கள். நெல்மணிமேல் ஏறிய டயர், பளிங்குத் தரையில் எண்ணெய் கொட்டியதைப்போல் வழுக்கும். அதன்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. முடிந்தவரை அதன்மேல் ஏறாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் உங்களுக்கும் நெல்லுக்குரியவருக்கும் நல்லது. வைக்கோல் வேறுவிதமாகத் தொல்லை தரும். ஓர் இழை பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டால், செயின் தாவிக் குதிக்கத் தொடங்கும். கியர் கெட்டுவிட்டது என்று திருகாணியைத் திருகிப் பிரச்சினையைப் பெரிதாக்கிக்கொள்ளாமல், முதலில் பல்லிடுக்கைப் பாருங்கள். சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால், அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் வரும். பின்னால் இரண்டு டிரெய்லர் இருக்கிறது என்பதை மறந்து, முதல் டிரெய்லர் கடந்ததும் சாலைக்குள் வருவது மிகப் பெரிய தவறு. பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கரும்பு முனைகளுக்கும் இடம்விட வேண்டும்.

நிற்க வேண்டிய இடங்கள்

நிற்காமல் ஓட்டினால் காற்றில்லாத நாளில் 16 கி.மீ. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படி முடிப்பவர்கள் எதற்காக இங்கே வந்தார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை. குறைந்தது ஒரு மதகிலாவது நில்லுங்கள். நீர் விடும் நாளில், மதகின்மேல் நின்று ஏரிப்பக்கம் பார்த்தால் நீர் அசையாமல் கிடப்பதுபோலத் தோன்றும். ஆகாயத்தாமரையின் ஓர் இலை மட்டும் மெல்ல நகர்ந்து வந்து, மதகுக்கு அருகே ஒருமுறை சுழன்று, சட்டென்று கீழே போய்விடும். சாலையைக் கடந்து கிழக்குப் பக்கம் வந்து பார்த்தால், அதே நீர் இரைச்சலோடு வாய்க்காலில் விழுந்து ஓடும். இரு பக்கத்துக்கும் உள்ள மட்ட வேறுபாட்டை இப்படி ஒரே நிமிடத்தில் பார்த்தால்தான், நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்தது சாலை மட்டுமல்ல என்று உறைக்கும். அந்த இலைக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்பதால் மதகருகே நீரில் இறங்குவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். மற்ற இடங்களிலும் அலை அரிக்காமல் பதித்த கருங்கல் சரிவு பாசி படிந்து வழுக்கும். கல்லிடுக்கில் பாம்பு இருக்கும். கைகால் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால் ஊரில் குழாய் இருக்கிறது.

வடமுனைக்கு அருகே பூதங்குடியில் நீரேற்று நிலையம் இருக்கிறது. 2004 முதல் வீராணத்து நீர் 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள சென்னைக்குக் குழாயில் போய்க்கொண்டிருக்கிறது. 1960-களின் இறுதியில் தொடங்கிய பழைய திட்டம் நின்றுபோனபின், அதற்காகக் கொண்டுவந்த ராட்சதக் குழாய்கள் பல்லாண்டு சாலையோரங்களில் கிடந்ததும், அவற்றுக்குள் குடும்பங்கள் குடியிருந்ததும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். நிலையத்துக்குள் அனுமதி இல்லை. சாலையிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம்.

பறவைகளுக்காக நிற்பவர்கள் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் பெரும்பாலும் கிழக்கே வயலில்தான் மேயும். நீர்க்காகங்களும் நாமக்கோழிகளும் ஏரிப்பக்கம். சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றால் பறவைகள் அதிகம் கவலைப்படுவதில்லை. இறங்கி ஸ்டாண்டு போடும் ‘டக்’ சத்தத்தில் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும்.

குடிநீரை இரு முனைகளிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள சிற்றூர்க் கடைகளை நம்பி வெறும் பாட்டிலோடு கரையேற வேண்டாம். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தேவைப்படும். கரைக்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும்; சட்டையில் உப்புக்கோடு வெள்ளையாகப் படிவதைப் பார்த்தால் உண்மை தெரியும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு குடித்துவிடுங்கள். பாதி வழியில் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ கிடைத்தால் வெறும் தண்ணீரைவிட நல்லது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வயிறு முட்டச் சாப்பிடுவதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், நான் அனுபவப்பட்டவன்.

வெயிலைப் பொறுத்தவரை நீர்ப்பரப்பின் எதிரொளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தலைக்கவசமும் தொப்பியும் மேலிருந்து வரும் வெயிலைத்தான் தடுக்கும். பிற்பகலில் ஏரியிலிருந்து பட்டுத் தெறிப்பது முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் கருக்கும். பங்குனிக்கு மேல் பத்து மணிக்குள் கரையைவிட்டு இறங்கிவிடுவது உத்தமம்.

தென்முனையில் முடிப்பவர்கள் இன்னும் மூன்று கி.மீ. போல ஓட்டினால் காட்டுமன்னார்கோயில் வந்துவிடும். ஏரிக்குப் பெயர் தந்த அதே பட்டம் அங்கே வீரநாராயணப் பெருமாள் கோயிலிலும் இருக்கிறது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும் அவர் பேரன் ஆளவந்தாரும் பிறந்த ஊர் இது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், கோயிலும் பார்க்க விரும்புகிறவர் தொடங்கும் நேரத்தை அதற்கேற்ப முன்னே தள்ள வேண்டும். வியர்த்த உடையில் போக விரும்பாதவர்கள் ஒரு வேட்டியையோ மேல்துண்டையோ கேரியரில் கட்டிக்கொண்டு வரலாம்.

சைக்கிளைக் காரிலோ ஆட்டோவிலோ ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நிழலில் நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே டயரின் வெளிப்புறத்தைக் கண்ணால் பாருங்கள். குத்திக்கொண்டு இன்னும் டியூபை எட்டாமல் நிற்கும் முள் ஒன்றிரண்டு எப்படியும் இருக்கும். அப்போதே பிடுங்கிவிட்டால், மறுநாள் காலை பால் வாங்கக் கிளம்பும்போது சக்கரம் தட்டையாக நிற்காது.